ஆண்டு விழாவில் அரைமணி நேரம்: நெல்லைச் சீமைப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும், ஆண்டு விழாப் பொறுப்பை ஏற்றிருக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றில் 32 வருஷம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 1986ல் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வருஷம் அக்டோபரில்தான் நம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியைத் தனியாகப் பிரித்து, வ.உ.சி. பெயரில் சிதம்பரனார் மாவட்டம் என்று ஆக்கினார்கள். அதுதான் இன்றைய தூத்துக்குடி. அப்புறம் 2019ல் தென்காசியும் பிரிந்தது. ஆட்சியர் அலுவலகம் மூன்றானாலும் நம் பேச்சும் பழக்கவழக்கமும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. அதனால் மூன்று மாவட்டத்தாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. வருகிற ஆண்டு விழாவில் அரைமணி நேரத்தை ஒரு நாடகத்துக்குக் கொடுங்கள். பிள்ளைகள் தங்கள் சொந்தக் குரலில், தாங்களே பேசி நடிக்கிற நாடகம். ஒலிப்பதிவுக்கு வாயசைக்கிற நிகழ்ச்சியை நான் சொல்லவில்லை.

இதைக் கேட்க வேண்டும் என்ற எண்ணத்தை எனக்குள் கிளப்பிவிட்டவர் வல்லநாட்டுக்காரர் ஒருவர். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகிற சாலையில், வெளிமான்கள் திரிகிற கரடு ஒன்று இருக்கிறதே, அந்த வல்லநாடுதான். 1944 ஆகஸ்ட் 1ஆம் தேதி பிறந்த கணேசனைத்தான் உலகம் நடிகர் டெல்லி கணேஷ் என்று அறிந்தது. 2024 நவம்பர் 9ஆம் தேதி இரவு சென்னையில் அவர் காலமானார். எண்பது வயது. மறுநாள் காலையில் எங்கள் ஊர் டீக்கடையில் செய்தியைக் கேட்டவர்கள், “இவரு நம்ம வல்லநாட்டுக்காரராமே!” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சாலையில் கொஞ்ச தூரத்தில் இருக்கிற ஊரில் பிறந்த மனிதர். நாற்பது வருஷத்துக்கு மேல் அவரைத் திரையில் பார்த்திருக்கிறோம். அவர் நம்மவர் என்று பலருக்குத் தெரியவே இல்லை.

எனக்கும் வெகுகாலம் தெரியாது. அதற்கு ஒரு காரணம் உண்டு என்று இப்போது நினைக்கிறேன். எந்த வேடத்தைக் கொடுத்தாலும் அந்த வேடத்தின் ஊர்க்காரராகவே அவர் ஆகிவிடுவார். பாலக்காட்டுச் சமையற்காரராக வந்தால் பாலக்காடு, மயிலாப்பூர் மாமாவாக வந்தால் மயிலாப்பூர், சென்னைக் குடிசையிலிருந்து வந்தால் சென்னைக் குடிசை. பிறந்த ஊரின் வாடையைப் பார்க்கிறவர் பிடிக்கவே முடியாது.

‘பசி’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துரை இயக்கி 1979ல் வந்தது. சென்னைக் குடிசைப் பகுதியின் ரிக்‌ஷாக்காரர் குடும்பம் ஒன்றின் கதை. ரிக்‌ஷாக்காரர் டெல்லி கணேஷ். மகள் ஷோபா. அந்தப் படத்துக்காக ஷோபாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது, டெல்லி கணேஷுக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. பரிசை விடுங்கள். அப்போது அவருக்கு வயது 35. வயதுக்கு வந்த பெண்ணுக்கு அப்பாவாக வருகிறார். பத்து வருஷம் விமானப்படைச் சீருடையில் நிமிர்ந்து நின்று பழகிய உடம்பு அது. அந்த உடம்பை ஒரு ரிக்‌ஷாக்காரரின் உடம்பாக மாற்றிக் கொண்டுவந்து நிறுத்தினார். தலைக்குச் சாயம் பூசிவிட்டால் அப்பா ஆகிவிட முடியாது. உட்காருவது, எழுந்திருப்பது, கையைத் தொங்கவிடுவது எல்லாமே மாற வேண்டும். அதற்கு எங்கேயோ ஓரிடத்தில் பலகாலம் பழகியிருக்க வேண்டும்.

அவர் பழகிய இடம் நாடக மேடை. 1964ல் விமானப்படையில் சேர்ந்து 1974 வரை இருந்தார். டெல்லியில் தக்ஷிண பாரத நாடக சபா என்று ஒரு தமிழ் நாடகக் குழு உண்டு. அந்த மேடையில்தான் இவர் நடித்துத் தேர்ந்தார். வடக்கே வேலைக்குப் போன தமிழர்கள், தங்கள் பேச்சைக் காதால் கேட்க வேண்டும் என்ற ஆசையில் நடத்திய மேடை அது. அலுவலகம் முடிந்து ஒத்திகைக்கு ஓடி வருகிறவர்கள். அதில் கூலி கிடையாது, பேர் கிடையாது. வசனத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு, எதிரே நிற்கிறவன் எதையாவது மறந்துவிட்டால் சமாளித்துக்கொண்டு, கடைசி வரிசைக்குக் குரல் எட்ட வேண்டும் என்று தொண்டையைத் தீட்டிக்கொண்டு நடிப்பார்கள். படையை விட்ட பிறகு சென்னையில் காத்தாடி ராமமூர்த்தியின் நாடகக் குழுவில் நடித்தார். விசுவின் ‘பட்டினப் பிரவேசம்’ நாடகத்தை கே. பாலசந்தர் 1977ல் படமாக எடுத்தபோது, இவரையும் அதில் அறிமுகப்படுத்தினார். ‘டெல்லி கணேஷ்’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். பட்டணத்துக்குப் பிழைக்க வருகிற ஒரு கிராமத்துக் குடும்பத்தின் கதை. நம் பக்கத்து வீடுகள் பலவற்றுக்கும் தெரிந்த கதைதான்.

அப்புறம் நானூறு படங்களுக்கு மேல். கலைமாமணி விருது. தொலைக்காட்சித் தொடர்கள். 1981ல் ஒரு படத்தில் கதாநாயகனாகவும் நடித்துப் பார்த்தார், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. ‘நாயகன்’ படத்தில் வேலு நாயக்கரின் கூடவே இருக்கிற அய்யர். ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் நான்கு வில்லன்களில் ஒருவர். ‘அவ்வை சண்முகி’யில் சேதுராமய்யர். கடைசிக் காலத்தில் இணையத்தில் இளைஞர்கள் எடுத்த குறும்படங்களுக்குக்கூட மறுக்காமல் போய் நடித்துக் கொடுத்தார்.

எனக்கு இவற்றில் இரண்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஆசிரியர்களுக்கு எழுதுகிறேன் என்பதால்.

முதலாவது ‘சிந்து பைரவி’. 1985. அதில் மிருதங்கம் வாசிக்கிற குருமூர்த்தி, குடிப்பழக்கத்திலிருந்து மீள முடியாத மனிதர். படம் பாடகரைப் பற்றியது. பாட்டு அவருக்கு, கைத்தட்டல் அவருக்கு. பக்கத்தில் மிருதங்கத்தோடு உட்கார்ந்திருக்கிறவருக்குக் கொஞ்ச நேரமே கிடைக்கும். ஆனால் பாடகர் பேசுகிறபோது குருமூர்த்தியின் முகத்தைப் பாருங்கள். தான் செய்த தப்பு தனக்கே தெரிந்த ஒருவனின் முகம். அவர் அந்த இடத்தில் ஒன்றுமே பேசவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார். கேட்பதையே நடிப்பாகச் செய்யத் தெரிந்தவர் அவர்.

இரண்டாவது ‘மைக்கேல் மதன காமராஜன்’. 1990. பாலக்காடு மணி அய்யர். கல்யாண வீட்டில் சாம்பாருக்குள் மீன் விழுகிற கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் காட்சியில் நாம் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம், மணி அய்யர் சிரிக்கவே இல்லை. அவருக்கு அது உயிர் போகிற விஷயம். பெயர் கெட்டுவிடும், தொழில் போய்விடும், மானம் போய்விடும். அவர் உண்மையாகப் பயப்படுவதால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. தாமிரபரணித் தண்ணீர் குடித்த நாக்கு பாலக்காட்டுத் தமிழை அத்தனை கச்சிதமாகப் பிடித்திருக்கிறது. அவரும் கமல்ஹாசனும் பேசுகிற இடங்களில் ஒருவர் வாக்கியம் முடிகிற நொடியில் அடுத்தவர் வாக்கியம் பிறக்கிறது. எதிராளி என்ன சொல்கிறான் என்று காது கொடுத்துக் கேட்டுக் கேட்டு மேடையில் வளர்ந்தவர்களுக்கே அது வரும்.

இப்போது நம் ஆண்டு விழாக்களுக்கு வருகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகும் விழாவுக்கு அழைத்தால் போய்விடுவேன். பிள்ளைகளைப் பார்க்கிற சந்தோஷம் வேறு எதிலும் இல்லை. கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு பள்ளியின் விழாவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, ஆண்டறிக்கை, சிறப்பு விருந்தினர் பேச்சு, பரிசளிப்பு, அப்புறம் கலை நிகழ்ச்சி. கலை நிகழ்ச்சியில் பதினான்கு நடனம். பதினான்கும் சினிமாப் பாட்டு. பிள்ளைகள் அருமையாக ஆடினார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகு ஒன்று உறைத்தது. அந்த மூன்று மணி நேரத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றின் சொந்தக் குரல் எவ்வளவு நேரம் கேட்டது? வாழ்த்துப் பாட்டையும், வரவேற்புரை வாசித்த சிறுமியையும், நன்றி சொன்ன பையனையும் சேர்த்தால் பத்து நிமிடம் தேறாது. மற்ற நேரமெல்லாம் பெரியவர்கள் பேசினார்கள், இல்லையென்றால் ஸ்பீக்கர் பாடியது.

அந்தத் தமிழ்த்தாய் வாழ்த்தையே கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எல்லோரும் எழுந்து நின்று பாடுகிறோமே ‘நீராரும் கடலுடுத்த’, அது ஒரு நாடக நூலின் பாயிரத்தில் வருகிற பாட்டு. 1891ல் வெளிவந்த ‘மனோன்மணீயம்’. எழுதிய சுந்தரம் பிள்ளை நம் திருநெல்வேலியில் ஆசிரியராக இருந்தவர். நம் மூன்று மாவட்டப் பிள்ளைகளும் படித்துப் பட்டம் வாங்குகிற பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரையும் அந்த நாடகத்தின் பெயரையும் சேர்த்தே வைத்திருக்கிறோம். ஒரு நாடகத்தின் பெயரைப் பல்கலைக்கழகத்துக்கே சூட்டிய ஊர் நம்முடையது. நாடகத்துப் பாட்டைப் பாடித்தான் விழாவைத் தொடங்குகிறோம். விழாவுக்குள் நாடகத்துக்கு இடமில்லை என்றால் மனசு கேட்க மாட்டேன் என்கிறது.

சங்கரதாஸ் சுவாமிகளும் இந்த மண்தான். 1867ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். உப்புக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மனிதர் அந்த வேலையை விட்டுவிட்டு நாடகத்துக்குள் போனார். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று அவரைச் சொல்வார்கள். தலைமையாசிரியர் என்ற சொல்லை நீங்கள் கவனிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன். சின்னப் பையன்களுக்கு வசனமும் பாட்டும் சொல்லிக்கொடுத்து மேடை ஏற்றியவர். 1918ல் மதுரையில் அவர் தொடங்கிய சபாவில் சேர்ந்த சிறுவர்கள்தான் பின்னால் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று பேர் பெற்றார்கள். அந்தக் காலத்துப் பாலர் கம்பெனிகளில் பிள்ளைகள் வீட்டைப் பிரிந்து பட்ட கஷ்டமும் வாங்கிய அடியும் எனக்குத் தெரியும். அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. குழந்தையால் முடியும் என்று அவர் நம்பினாரே, அந்த நம்பிக்கையைச் சொல்கிறேன்.

நான் முதலில் போட்ட நாடகம் அரிச்சந்திரன். ஏழாம் வகுப்பு. வேப்பமரத்தடியில் ஒத்திகை. கிரீடத்துக்கு அட்டையும் ஜிகினாத் தாளும், தாடிக்குச் சணல், மீசைக்குக் கரிக்கட்டை, நரைக்குப் பவுடர். ஒரு பையனுக்கு ஒரே ஒரு வசனம். அரசவைக் காட்சியில் வாயிற்காவலனாக வந்து, “மன்னா, முனிவர் வந்திருக்கிறார்” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அப்புறம் காட்சி முடிகிற வரைக்கும் ஈட்டியோடு நிற்க வேண்டும். ஒத்திகையில் அவனுக்கு நிற்கவே முடியவில்லை. சொறிவான், திரும்பிப் பார்ப்பான், கீழே உட்கார்ந்துவிடுவான். நான் அவனிடம், “நீ அந்த அரண்மனைக்காரன்லே. ராசா பேசுறதை நீயும் கேக்கணும். உனக்கும் அதுல சோறு இருக்கு” என்று சொன்னேன். விழா அன்று அவன் கேட்டான். அரசன் நாட்டைக் கொடுக்கிறேன் என்று சொன்ன இடத்தில் அவன் முகம் மாறியதை நான் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த மாற்றம். அந்தப் பையன் நடிகனாகவில்லை, இப்போது சொந்தமாக வேன் ஓட்டுகிறான். நாம் பேசும்போது நடுவில் பாய மாட்டான், முழுசாகக் கேட்பான். அதற்கும் அந்த ஈட்டிக்கும் சம்பந்தம் உண்டா என்று என்னால் நிரூபிக்க முடியாது. உண்டு என்றே நம்புகிறேன்.

இன்னொரு வருஷம் பிள்ளைகளே ஒரு கதை சொன்னார்கள். காலையில் டவுன் பஸ் எங்கள் நிறுத்தத்தில் நிற்காமல் போகிறதே, அதைப் போடுவோம் சார் என்றார்கள். எட்டு நாற்காலியை அடுக்கினால் பஸ். ஒரு குச்சியில் கட்டிய விசில். காய்கறிக் கூடைக்காரம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகிற தாத்தா, பரீட்சைக்கு ஓடுகிற அக்கா. வசனத்தை நான் எழுதவில்லை. அவர்கள் வீட்டில் கேட்டதை அவர்களே பேசினார்கள். கண்டக்டராக நடித்தவனுடைய அப்பா உண்மையிலேயே கண்டக்டர். விழாவுக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் சிரித்து ஓய்ந்த பிறகு என்னைத் தேடி வந்து, “நான் இப்படியா சார் பேசுதேன்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தன் குரலை முதல் தடவையாக வெளியிலிருந்து கேட்டவர் மாதிரி நின்றார்.

சரி, இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தது ஏன் நின்றது என்று கேட்பீர்கள். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். பதினொரு பிள்ளைகள் மூன்று வாரம் ஒத்திகை பார்த்த நாடகம். விழா அன்று விருந்தினர்கள் வரவே தாமதம். பேச்சும் நீண்டுவிட்டது. எட்டு மணி தாண்டியதும் நிகழ்ச்சியைக் குறைக்க வேண்டும் என்றார்கள். நடனத்தைக் குறைக்க முடியாது, உடைக்கு வாடகை கொடுத்திருக்கிறார்கள், பெற்றோர் கேட்பார்கள். நாடகத்துக்கு வாடகை உடை எதுவும் கிடையாது. அதனால் நாடகத்தைத் தூக்கிவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பாட்டி வேஷம். மாலை ஐந்து மணியிலிருந்து தலையில் பவுடரைக் கொட்டிக்கொண்டு, முகத்தில் கோடு வரைந்துகொண்டு, மேடைக்குப் பின்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டியாகவே உட்கார்ந்திருந்தாள், ஒரு இடத்திலும் கால் நீட்டவில்லை. விஷயத்தைச் சொன்னபோது அழவில்லை. “அடுத்த வருஷம் உண்டுல்லா சார்?” என்று மட்டும் கேட்டாள். அடுத்த வருஷம் அவள் பத்தாம் வகுப்பு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கலை நிகழ்ச்சியில் சேர்ப்பதில்லை. எனக்கு அது தெரியும், அவளுக்கும் தெரியும். வெள்ளைத் தலையோடவே கடைசி பஸ் ஏறிப் போனாள்.

முப்பத்தைந்து வயதில் அப்பாவாக நின்ற டெல்லி கணேஷை எப்போது நினைத்தாலும் எனக்கு இந்தப் பதினான்கு வயதுப் பாட்டி ஞாபகம் வந்துவிடும். அவளுக்கு ஒரு மேடை இருந்தது, பத்தடி தூரத்தில். ஏற விடவில்லை.

உங்களுடைய கஷ்டம் எனக்குத் தெரியும். பொதுத்தேர்வு, தேர்ச்சி விகிதம், பதிவேடு, பயிற்சி வகுப்பு, இதற்கு நடுவில் நாடகம் எங்கே என்று கேட்பீர்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டை விட்டுவிடுங்கள். ஆறு முதல் ஒன்பது வரை போதும். விளையாட்டுப் பீரியடைப் பிடுங்க வேண்டாம், அது பிள்ளைகளுக்கு வேண்டும். கடைசி மணி அடித்த பிறகு ஒரு மணி நேரம், வாரத்துக்கு மூன்று நாள், ஒரு மாதம். இதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

எல்லாப் பிள்ளையும் மேடை ஏற வேண்டும் என்று பெற்றோர் சொல்வது நியாயம்தான். சந்தைக் காட்சி ஒன்று வைத்தால் இருபது பேர் ஏறலாம். கோயில் கொடை விழாக் காட்சி வைத்தால் முப்பது பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு வரியாவது கொடுங்கள். நடனத்தில் மூன்றாவது வரிசையில் மறைந்து நிற்கிற பிள்ளையைவிட, “ஏ, கத்திரிக்கா என்ன வெல?” என்று ஒரு வரி சத்தமாகக் கேட்கிற பிள்ளையை அம்மா நன்றாகப் பார்ப்பாள். நடனமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதினான்கில் சிலவற்றைக் குறைத்தால் அரைமணி கிடைத்துவிடும்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல காரியம். ஆனால் போட்டிக்குப் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். நடுவர்கள் முன்னால் நடிப்பது வேறு, தன் ஊர்க்காரர்கள், தன் தாத்தா பாட்டி முன்னால் நடிப்பது வேறு. இரண்டும் இருக்கட்டும்.

நாடகம் எழுதித் தர ஆள் இல்லை என்பார்கள். எழுதவே வேண்டாம். பிள்ளைகள் ஊரில் பார்த்ததைச் சொல்லச் சொல்லுங்கள். ரேஷன் கடை வரிசை, பீடி இலை வாங்கப் போன அம்மா, கிணற்றில் விழுந்த ஆடு, பனங்காட்டில் நடந்த கதை, எதையாவது ஒன்றை. ஒரு நிபந்தனை வையுங்கள்: அவர்கள் பேச்சிலேயே பேச வேண்டும். நம் பேச்சைச் சினிமாவில் சிரிப்புக்கு மட்டும் வைத்துப் பழக்கிவிட்டார்கள். சென்னைக்கோ கோவைக்கோ படிக்கப் போகிற நம் பிள்ளைகள் ‘ஏலே’, ‘என்னல’, ‘அவாள்’ எல்லாவற்றையும் ஒளித்துவைக்கிறார்கள். டெல்லி கணேஷ் நாலு ஊர்த் தமிழும் பேசினார் என்று மேலே சொன்னேன். பிறந்த பேச்சுக்கு வெட்கப்படுகிறவனுக்கு அடுத்த ஊர்ப் பேச்சு பிடிபடாது, ஏனென்றால் அவன் காதை மூடிக்கொண்டிருக்கிறான். மேடையில் ஒரு தடவை “எங்கன போற?” என்று கேட்டு, ஊரே கைதட்டினால், அந்தச் சொல்லைப் பிள்ளை ஒளித்துவைக்க மாட்டாள்.

உங்கள் ஊரிலேயே வில்லுப்பாட்டுக்காரர் இருப்பார். கணியான் கூத்தில் மகுடம் என்கிற தோல்கருவியை அடிக்கிறவர் இருப்பார். கொடை இல்லாத நாளில் அழைத்தால் வந்து ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு உட்காருவார்கள். ஒரே ஆள் எப்படிச் சுடலைமாடசாமியாகவும் அவன் தாயாகவும் மாறிப் பாடுகிறார் என்று பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும். அதற்கு ஒரு சால்வையும் பஸ் காசும், முடிந்தால் அவர்கள் உழைப்புக்கு உரிய கூலியும் கொடுத்தால் நல்லது.

வல்லநாட்டுப் பக்கத்துப் பள்ளிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டெல்லி கணேஷின் படம் ஒன்றைப் பள்ளிச் சுவரில் மாட்டுங்கள். கீழே படத்தின் பெயர்களை எழுத வேண்டாம். விமானப்படையில் பத்து வருஷம் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர் என்று எழுதுங்கள். அவர் உடலுக்கு விமானப்படையினர் வந்து மரியாதை செய்தார்கள், நாடகக்காரர்களும் சினிமாக்காரர்களும் வந்து மாலை போட்டார்கள். வேலைக்குப் போவதும் கலையைப் பிடித்துக்கொள்வதும் ஒன்றையொன்று கெடுக்காது என்று காட்ட வெளியூர் உதாரணம் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை.

என் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. சணல் தாடி நான்கு, அட்டைக் கிரீடம் இரண்டு, மரக் கத்தி ஒன்று, சாயம் போன பட்டு வேட்டி, கண்டக்டர் பை, அந்தக் குச்சி விசில். போன வாரம் இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். ஸ்ரீவைகுண்டம், செய்துங்கநல்லூர், பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், ஆலங்குளம், கோவில்பட்டி, எங்கே அழைத்தாலும் பஸ் ஏறி வந்துவிடுவேன். சாப்பாடு கட்டிக்கொண்டு வருவேன், உங்களுக்கு எந்தச் செலவும் இல்லை. பவுடர் டப்பா ஒன்று மட்டும் வாங்கி வையுங்கள். கடைசி மணி அடித்ததும் பிள்ளைகளை ஒரு மணி நேரம் இருக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
ஸ்ரீவைகுண்டம் வட்டம்